பதினேழாம் நூற்றாண்டுக்கே உங்கள் ஓட்டு

திருநந்தையில் இரண்டு நூற்றாண்டுகள் தேர்தலில் நின்றன. பதினொன்றாம் நூற்றாண்டின் சின்னம் மதகு, பதினேழாம் நூற்றாண்டின் சின்னம் கஞ்சிக் கலயம். சிரிக்காதீர்கள். உங்கள் ஊரிலும் இது நடந்திருக்கும். அன்றைக்கு நீங்கள் வெளியூர் போயிருப்பீர்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு இயந்திரம். ஆற்றங்கரையில் நீளமான குழாயை இறக்கி, உள்ளே சிக்கிய சேற்றை அப்படியே உருவி எடுத்து அதன் முன்னால் கிடத்தினால், அடுக்கடுக்காகப் படித்துச் சொல்லிவிடும். ஆறு அடக்கமாக ஓடிய வருடம் மெல்லிய களிமண்ணை விட்டுப் போயிருக்கும், வெள்ளம் வந்த வருடம் பருமணலை. அந்த மணல் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்பதை வைத்து வயதைக் கணக்கிடும். இடையில் கிடக்கும் மகரந்தத்தை வைத்து மழையை. கடைசியில், எந்த நூற்றாண்டைக் கேட்டாலும் அந்த நூற்றாண்டின் சராசரி வெள்ளம் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை ஊருக்குள்ளேயே நீல வெளிச்சமாக நிறுத்திக் காட்டும். அரசாங்கம் அதற்குத் ‘தொல்வெள்ளக் காட்டி’ என்று பெயர் வைத்தது. ஊரார் ‘சேத்து டிவி’ என்றார்கள்.

இயந்திரத்தோடு வந்தவர் டாக்டர் பிரிசில்லா ஞானமணி. பழைய வெள்ளங்களைப் படிப்பதுதான் அவர் படிப்பு. முதல் நாள் பேருந்து நிலையத்தில் பதினொன்றாம் நூற்றாண்டைப் போட்டுக் காட்டினார். நீல வெளிச்சம் டீ மாஸ்டரின் தாடை வரைக்கும் ஏறியது. அவர் அதற்குள் நின்றுகொண்டே டீ ஆற்றினார். பிறகு பதினேழைப் போட்டார். வெளிச்சம் ஊரை விட்டு இறங்கிப்போய், நந்தையாற்றின் நடுவில் வேட்டிக் கரை அகலத்துக்கு ஒடுங்கிக்கொண்டது. கூட்டம் கைதட்டியது. எதற்குத் தட்டினோம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பின்னால்தான் வெள்ள எல்லைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊரும் தனக்கென ஒரு அளவுகோல் நூற்றாண்டை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நூற்றாண்டின் வெள்ளம் எதுவரை வருமோ அதுவரை கட்டிடம் கூடாது. அங்கே இருப்பவர்களுக்கு மலையடியில் அரசு வீடு. அந்த எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு, இருக்கிற இடத்துக்கே பட்டா. எந்த நூற்றாண்டு என்று நிபுணர்கள் சொன்னால் வழக்கு வரும், அதிகாரிகள் சொன்னால் பணிமாறுதல் வரும். ஆகவே மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று மேலே இருந்தவர்கள் கையைக் கழுவினார்கள்.

மக்கள் தண்ணீரைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள் என்று பிரிசில்லா நம்பினார். பாவம், அவர் வெளியூர். பதினொன்றாம் நூற்றாண்டில் ஆற்றுக்கு மதகு கட்டிய மாறவேள் தங்கள் பாட்டன் என்று கிழக்குத் தெருக்காரர்கள் கிளம்பினார்கள். பதினேழாம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் ஊருக்கே கஞ்சி வார்த்த செம்பியராயர் எங்கள் பாட்டன் என்று நாங்கள், மேலத்தெருக்காரர்கள், கிளம்பினோம். பஞ்சம் வந்ததில் பெருமைப்பட்ட ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும். மாறவேளுக்கும் செம்பியராயருக்கும் ஆளுயரப் படங்கள் எழுந்தன. இருவருக்கும் ஒரே முகம். கடைக்காரர் மீசையை மட்டும் மாற்றியிருந்தார்.

எங்கள் பக்கத்துக்குச் செலவு செய்தவர் ‘நவநிதி மனைகள்’ தில்லைநாயகம். ஆற்றோரம் பூராவும் அவர் மனை போட்டு வைத்திருந்தார். பதினேழு ஜெயித்தால் எல்லாம் விற்கும். செம்பியராயர் பேரைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும்.

பிரச்சாரக் குரல் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்: சந்தனமாரி. ஒரு காலை இழந்த கணவர் பால்சாமியின் ஆட்டோவில் மைக் கட்டி, காலையில் கிழக்குத் தெருவுக்காகப் பேசுவாள், மாலையில் எங்களுக்காகப் பேசுவாள். சாவு, சடங்கு, காணாமல் போன மாடு எதுவானாலும் சந்தனமாரி குரலில் வந்தால்தான் ஊர் நம்பும். “வாக்காளப் பெருமக்களே, வறண்ட பூமியிலும் வயிறு நிறைத்த வள்ளலின் நூற்றாண்டுக்கே உங்கள் ஓட்டு” என்று அவள் இழுத்துச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அவள் வீடு புதுமணல் தெருவில் இருந்தது. பெயரில்தான் தெரு. ஆறு பல காலமாக எட்டிப் பார்க்காத மணல்படுகையில் தாங்களாகக் குடிசை போட்டு, பிறகு சுவர் எழுப்பி, பிறகு ஓடு வேய்ந்தவர்களின் இடம்.

வேட்புமனு நாளில் பிரிசில்லா வட்டாட்சியர் ஹரிராமன் முன்னால் போய் நின்றார். மூன்றாவதாக ஒரு வேட்பாளரை நிறுத்த வேண்டும் என்றார். வட்டாட்சியர் மனுவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“மேடம், சட்டத்துல நூற்றாண்டுன்னு இருக்கு. நீங்க குடுத்திருக்கறது நாப்பது வருஷம்.”

“அந்த நாப்பது வருஷந்தான் சார் ஆபத்து. பதினொண்ணு சூடான காலம். கடல் சூடா இருந்துச்சு, மழை கொட்டுச்சு, ஆறு பெருசா ஓடுச்சு. ஆனா அடிக்கடி வந்ததால ஜனங்க ஒதுங்கி இருக்கப் பழகிட்டாங்க. பதினேழு குளிர்ந்த காலம். மழை பொய்ச்சுப் போச்சு, ஆறு சுருங்கிடுச்சு. ரெண்டையும் சமாளிச்சிட்டாங்க. குளிர் முடிஞ்சு மறுபடி சூடு ஏறுற திருப்பம் இருக்கே, அதுலதான் மாட்டிக்கிட்டாங்க. தரை காய்ஞ்சு இறுகிக் கெடக்கும். கண்மாயெல்லாம் தூர்ந்து கெடக்கும். ஆத்துக்குள்ள வீடு இருக்கும். அந்த நேரத்துல ஒரு பெரிய மழை வந்தா நிறுத்தறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

“அது எப்ப வந்துச்சு?”

“பதினேழோட கடைசி இருபது வருஷம், பதினெட்டோட மொத இருபது.”

“பாத்தீங்களா, ரெண்டு நூற்றாண்டுல கால் வைக்குது. ஒரே ஆளு ரெண்டு தொகுதியில நிக்கக்கூட அனுமதி உண்டு மேடம், இதுக்குக் கெடையாது.”

“நாம இப்ப நிக்கிறது அந்த மாதிரி திருப்பத்துலதான் சார். அதைவிட வேகமா சூடாயிட்டு வருது.”

“சராசரி எடுத்தா எம்புட்டு வருது?”

“சராசரி எடுத்தா அந்த வெள்ளமே காணாமப் போயிடும்.”

“அப்ப இல்லைன்னுதானே அர்த்தம்?” என்று சொல்லிவிட்டு, நல்லவர்தான், டீ வரவழைத்துக் கொடுத்தார்.

பிரிசில்லா விடவில்லை. விதிக்கு மாறாக அந்த நாற்பது வருடத்தின் பெரிய வெள்ளத்தை இயந்திரத்தில் போட்டு, புதுமணல் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். நீலம் சந்தனமாரி வீட்டு ஓட்டுக்கு மேலே, பனைமரத்தின் பாதிவரை நின்றது. பிரிசில்லாவும் சந்தனமாரியும் அதன் அடியில், வாசலில் உட்கார்ந்து பேசினார்கள்.

“பாத்தீங்களா சந்தனமாரி? பதினொண்ணு ஜெயிச்சாலாவது உங்களுக்கு மலையடியில வீடு கெடைக்கும். நீங்க பதினேழுக்குக் கத்திக்கிட்டு இருக்கீங்க.”

“காலையில பதினொண்ணுக்கும் கத்துறேன்ல டாக்டரம்மா.”

“ஓட்டு எதுக்குப் போடுவீங்க?”

“பதினேழுக்குத்தான். மலையடியில வீடு தர்றேம்பாங்க. அங்கேயிருந்து ஊருக்கு வர எம்புட்டுத் தூரம்? எங்க வீட்டுக்காரரு ஒத்தக் கால வச்சுக்கிட்டு எங்க ஆட்டோ ஓட்டுவாரு? அந்த வீட்டு மேலயும் நமக்கு உரிமை கெடையாது, நெனச்சா காலி பண்ணுன்னுருவாங்க. பட்டான்னா சாகுற வரைக்கும் ஒருத்தனும் நம்மள எந்திரின்னு சொல்ல முடியாது. நான் பொறந்ததுல இருந்து மூணு எடத்துல எங்கள எழுப்பிட்டாங்கம்மா. வெள்ளம் ஒரு தடவ வரும், போயிரும். ஆபீஸரு அப்படியா?”

பிரிசில்லா எழுந்து இயந்திரத்தை அணைத்தார்.

பதினேழு அமோகமாக ஜெயித்தது. தில்லைநாயகம் தங்கக் கலயம் ஏந்தி ஊர்வலம் போனார். புதுமணல் தெருவில் வெடி வெடித்தார்கள். ஆற்றின் எல்லை வேட்டிக் கரை அகலத்துக்குக் குறிக்கப்பட்டு அரசிதழிலும் வந்துவிட்டது. நந்தையாறு இனி அதற்குள்தான் ஓட வேண்டும்.

ஐப்பசியில் மலையில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்யும் மழை இல்லை, ஒரே அடை. காலையில் அளவைப் பார்த்த பிரிசில்லா வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடினார். சாயங்காலத்துக்குள் வெள்ளம் வரும், புதுமணல் தெருவையாவது காலி செய்யுங்கள் என்றார்.

“எச்சரிக்கை குடுக்க எனக்கு ஆசைதான் மேடம்,” என்றார் ஹரிராமன். “ஆனா நம்ம அளவுகோல் நூற்றாண்டுல ஐப்பசியில வெள்ளமே இல்லியே. இல்லாத வெள்ளத்துக்கு எச்சரிக்கை விட்டா, மக்கள் தீர்ப்பை அவமதிச்சதா ஆயிடும். மேல கேட்டிருக்கேன். பதில் வரட்டும்.”

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேல் இல்லை. அந்தத் தீர்ப்பைக் கொடுத்த விரல்களில் ஒன்று என்னுடையது.

பிரிசில்லா ஆட்டோ நிறுத்தத்துக்கு வந்தார். பால்சாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரிசில்லா சொன்னதைக் கேட்டதும் சந்தனமாரி மைக்கை எடுத்துக்கொண்டு நேராகத் தன் தெருவுக்கே போனாள். வெள்ளம் வருகிறது, எல்லோரும் மேட்டுக்குப் போங்கள் என்று தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சொன்னாள். ஒருவரும் அசையவில்லை. வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“யாரு குடுத்த காசு மாரி இது?” என்று ஒருவன் கேட்டான். “கெழக்குத் தெருவா? நாங்க அங்கிட்டுப் போனதும் ஜேசிபிய விட்டு இடிச்சுப்புடுவாங்க. பட்டா கைக்கு வர்ற வரைக்கும் நாங்க நகர மாட்டோம்.”

அவன் சொன்னதும் தப்பில்லை. மூன்று வருடத்துக்கு முன் கோட்டை மேட்டில் அப்படித்தான் செய்தார்கள், புயல் வருகிறது என்று சொல்லி.

சந்தனமாரி ஆட்டோவில் பிரிசில்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மழை தார்ப்பாயில் அடித்தது. “நெசத்தைச் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க,” என்றாள்.

“பொய் சொல்லுங்க,” என்றார் பிரிசில்லா. அவர் வாழ்க்கையில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சந்தனமாரி அவரைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள். அடுத்த நிமிடம் எங்கள் ஊர் முழுக்கக் கேட்டது அந்தக் குரல், தேர்தல் நேரத்துக் குரல், இழுப்பும் குழைவுமாக:

“பெரியோர்களே, தாய்மார்களே! பதினேழாம் நூற்றாண்டின் மாபெரும் வெற்றியைக் கொண்டாடும் வகையில், அண்ணன் தில்லைநாயகம் அவர்கள் வழங்கும் மாபெரும் பிரியாணி விருந்து! மலையடி பள்ளிக்கூடத்தில்! மட்டன் பிரியாணி! முந்தி வருபவர்களுக்கு லெக்பீஸ்! பாத்திரம் கொண்டு வருபவர்களுக்குப் பார்சலும் உண்டு!”

மட்டனில் ஏது லெக்பீஸ் என்று யாரும் கேட்கவில்லை. புதுமணல் தெரு எழுந்தது. குடை, சாக்கு, பிளாஸ்டிக் வாளி, குண்டான், இடுப்பில் குழந்தை, தோளில் கிழவன் என்று ஒரு தெருவே மலையடிக்கு நடந்தது. வசதியான மேலத்தெருக்காரர்களும் போனோம். நான் தூக்கு வாளியோடு போனேன். பால்சாமி நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் ஏற்றி ஏற்றி இறக்கினார். பாத்திரம் கொண்டு வரச் சொன்னதுதான் பெரிய சாமர்த்தியம். அன்றைக்கு எங்கள் ஊரில் மிஞ்சிய பாத்திரங்கள் அவைதான்.

பள்ளிக்கூடத்தில் அடுப்புகூட இல்லை. சத்தம் கிளம்பியது. தில்லைநாயகம் காரில் வந்து இறங்கினார், முகம் சிவந்திருந்தது.

“ஏம்மா மாரி, யாரைக் கேட்டு எம் பேரைச் சொன்ன? யாரு பிரியாணி போடுறதாச் சொன்னா?”

“நாந்தான் மொதலாளி சொன்னேன்.”

“ஒன்னைய உள்ள தூக்கி வைக்கல, எம் பேரு…”

அவர் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை. கீழே ஒரு சத்தம் கேட்டது. லாரி ஜல்லி கொட்டுவது போல ஆரம்பித்து, நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது. எல்லோரும் மதில் ஓரம் வந்து நின்றோம். தண்ணீர் பழுப்பாக, மரங்களைப் புரட்டிக்கொண்டு, புதுமணல் தெருவுக்குள் நுழைந்தது. சுவர்கள் நின்ற மேனிக்கே மடங்கின. ஓடுகள் கொஞ்ச நேரம் மிதந்தன. அரசிதழில் வந்த எல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. பனைமரத்தில் பாதிவரை ஏறி நின்றது. பிரிசில்லா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தான் சொன்னது சரியாகிவிட்டதற்காக ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு ஆள் மெதுவாகக் கேட்டான், “அப்ப சோறு கெடையாதா?”

தில்லைநாயகம் கூட்டத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், அதில் தன் மனைக் கற்கள் முங்கிய இடத்தைப் பார்த்தார். தொழில் தெரிந்த மனிதர். “இருக்குய்யா, உண்டு! நாந்தானே கூப்பிட்டேன் ஒங்கள எல்லாம்!” என்று சத்தமாகச் சொன்னார். மறுநாளே ‘முன்னறிந்து உயிர் காத்த முதல்வரே’ என்று அவர் படத்தோடு சுவரொட்டி வந்தது. செம்பியராயரின் மீசையை அதில் அவருக்கு வைத்திருந்தார்கள்.

தலைநகரத்திலிருந்து சேதம் பார்க்க ஒரு குழு வந்தது. குழுத்தலைவர் பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“இறந்தவங்க?”

“யாருமில்லை சார்,” என்றார் ஹரிராமன்.

“காணாமப் போனவங்க?”

“இல்லை சார்.”

“அப்புறம் இது என்னங்க வெள்ளம்?”

அதோடு, அளவுகோல் எல்லைக்கு வெளியே நின்ற தண்ணீர் சட்டப்படி வெள்ளமே ஆகாது என்றும், அது ‘எல்லை கடந்த தேக்கம்’ என்றும், தேக்கத்துக்கு நிவாரணம் கிடையாது என்றும் விளக்கினார். ஒருவராவது செத்திருந்தால் ஏதாவது பார்க்கலாம் என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அரசாங்கம் வாக்குத் தவறவில்லை. தை பிறந்ததும் பட்டா வழங்கும் விழா நடந்தது. பந்தல், பொன்னாடை, நாற்காலிக்கு வெள்ளைத் துணி எல்லாம் இருந்தது. சந்தனமாரிதான் மைக்கில் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டாள். கடைசியில் தன் பெயரையும் தானே கூப்பிட்டுக்கொண்டு போய் வாங்கினாள். வாங்கி, நான்கு எல்லையையும் ஹரிராமனைப் படிக்கச் சொன்னாள். வடக்கே ஆறு, தெற்கே ஆறு, கிழக்கே ஆறு, மேற்கே ஆறு. வெள்ளத்துக்குப் பிறகு நந்தையாறு தடம் மாறி, புதுமணல் தெரு இருந்த இடத்தில் நடு ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது.

“சார், இப்ப இதுல நான் எங்க குடியிருக்குறது?”

“நெலம் உங்களுதும்மா. ஒருத்தரும் உங்கள எழுப்ப முடியாது.”

“சரி, மலையடியில அந்த வீடு…”

ஹரிராமன் குரலைத் தாழ்த்தினார். “அது சொந்த நெலம் இல்லாதவங்களுக்குத்தாம்மா. ஆறு உங்க எடத்துக்குள்ள வந்துட்டதால, நேத்து வரைக்கும் உங்களுக்குத் தகுதி இருந்துச்சு.”

சந்தனமாரி சண்டை போடவில்லை. அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். பட்டாவை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, விழா முடிந்ததும் மைக் செட்டைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றினாள். அவளும் பால்சாமியும் அப்போது பள்ளிக்கூட வராந்தாவில் குடியிருந்தார்கள். பொங்கல் விடுமுறை முடிந்ததும் அங்கிருந்தும் எழுப்புவார்கள்.

மறுநாள் காலையில் அவள் பிரிசில்லாவின் கொட்டகைக்குப் போனாள். பிரிசில்லா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே தேர்தல் வருகிறது. மேசையில் குழாயிலிருந்து உருவிய ஒரு சேற்றுத் தண்டு நீளவாக்கில் பிளந்து கிடந்தது. வெள்ளத்துக்கு முன்னால் புதுமணல் தெருவில் எடுத்தது.

“டாக்டரம்மா, ஒரு சந்தேகம். பதினேழாம் நூற்றாண்டுல எங்க எடம் காய்ஞ்சு கெடந்துச்சுன்னு சொன்னீங்கள்ல. அப்ப அங்க யாராச்சும் குடியிருந்தாங்களா?”

பிரிசில்லா தண்டின் மேல் ஒரு இடத்தில் விரலை வைத்தார். கறுப்பாக, நகத்தடிமன் கோடு.

“இருந்தாங்க. இது அடுப்புச் சாம்பல். இதுல கருகின கேப்பை இருக்கு. இந்தச் செவப்புத் துண்டு பானை ஓடு. கஞ்சி காய்ச்சியிருக்காங்க. மேல ஏற ஏற சாம்பல் இருக்கு பாருங்க, ரெண்டு தலைமுறையாவது இருந்திருக்காங்க.”

“எங்கள மாதிரி ஆளுக.”

“ஆமா. மேட்டுல எடம் இல்லாதவங்க.”

“அப்புறம்?”

பிரிசில்லாவின் விரல் கொஞ்சம் மேலே நகர்ந்தது. அங்கே களிமண் இல்லை, சாம்பல் இல்லை. ஒரு முழம் உயரத்துக்குப் பருமணல் மட்டும் கிடந்தது.

“அதுக்கு மேல சாம்பல் வரவே இல்லை,” என்றார்.

சந்தனமாரி குனிந்து அந்த மணலைப் பார்த்தாள். தொட வேண்டும் போலிருந்தது, தொடவில்லை.

“பாவம்,” என்றாள். “அவங்களுக்கு யாரும் பிரியாணின்னு சொல்லலை போல.”